மருத்துவமனையில் பற்றும் நிமோனியா

இடுப்பெலும்பு முறிந்தோ, பக்கவாதம் கண்டோ மருத்துவமனையில் சேர்க்கப்படும் பெரியவர், வந்த நோய் தேறிவரும் வேளையில் திடீரென்று காய்ச்சலும் மூச்சுத் திணறலும் கண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்படுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். "காலுக்கு வைத்தியம் பார்க்க வந்தவருக்கு நெஞ்சில் சளி எப்படி?" என்று உறவினர் அங்கலாய்ப்பார்கள். சேர்ந்து 48 மணி நேரம் கழிந்தபின் தோன்றும் நுரையீரல் அழற்சியை மருத்துவமனை நிமோனியா என்று தனியே வகைப்படுத்துகிறார்கள். செயற்கை சுவாசக் குழாய் பொருத்தி 48 மணி நேரத்துக்குப் பின் வருவது இதன் கடுமையான கிளை. வீட்டில் இருக்கையில் வரும் நிமோனியாவுக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான். கிருமி பெரும்பாலும் வேறு. ஆகவே வைத்தியமும் வேறு.

கிருமி எவ்வழியே நுழைகிறது? படுத்த படுக்கையாய் இருப்பவரின் வாயிலும் தொண்டையிலும் சில நாட்களிலேயே மருத்துவமனைக் கிருமிகள் குடியேறிவிடுகின்றன. எச்சில் துளித்துளியாக மூச்சுக்குழாயில் இறங்கும்போது அவையும் கூடவே இறங்குகின்றன. இருமி வெளியேற்ற வலுவில்லாதவருக்கு அவை அங்கேயே தங்கிவிடுகின்றன. நம் நாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் என்ற மூன்றும் முன்னிற்பவை.

இவை மருந்துக்கு அடங்காமல் போன கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பெனிசிலின் குடும்பத்து மருந்துகளின் உயிர்நாடி, வளையம் போன்ற ஒரு சிறு அணு அமைப்பு. அந்த வளையத்தை வெட்டும் நொதியைக் கிருமி தயாரித்துக்கொள்கிறது. முதலில் பெனிசிலினை வெட்டக் கற்றது. பிறகு செஃபலோஸ்போரின் மருந்துகளை வெட்டியது. கடைசிக் காவலாக வைத்திருந்த மெரோபெனம் போன்றவற்றையும் வெட்டும் நொதி ஒன்று, புதுடெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் 2008-இல் கண்டறியப்பட்டது. அதற்கு என்.டி.எம்.-1 என்று பெயர். முதலிரண்டு எழுத்துகளும் புதுடெல்லியைக் குறிப்பவை. 2010 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமரசாமியும், பிரிட்டனின் திமோத்தி வால்ஷ் முதலானோரும் வெளியிட்ட ஆய்வில், இந்த நொதியுள்ள கிருமிகள் சென்னை மாதிரிகளில் மட்டும் 44 இருந்தன. தலைநகரின் பெயரை நொதிக்கு வைத்துவிட்டார்களே என்று பெரிய கூச்சல் எழுந்தது. பெயருக்காக வாதாடிய நேரத்தைச் சாக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் செலவிட்டிருக்கலாம் என்பது என் கருத்து. நல்லவேளையாக 2012-இல் மருத்துவர்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டார்கள். 2014 மார்ச் 1 முதல் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளை டாக்டர் சீட்டின்றி விற்கக்கூடாது; விற்றதைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். நிமோனியா என்று சந்தேகம் எழுந்ததும், நேரமும் நிலைமையும் இடங்கொடுத்தால், மருந்து ஏற்றும் முன்பே சளியும் இரத்தமும் எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். அதுவரை காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால், அந்த வார்டில் வழக்கமாகக் காணும் கிருமிகளை மனத்தில் வைத்துப் பலவகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்தை உடனே தொடங்குகிறார்கள். சோதனை முடிவு வந்ததும், அந்தக் கிருமிக்கு மட்டும் போதுமான மருந்துக்கு இறங்கிவிட வேண்டும். ரயில்வேயில் இருந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தண்டவாளத்தில் பழுது என்று ஐயம் வந்தால் முதலில் எல்லா வண்டிக்கும் காஷன் ஆர்டர் கொடுத்து வேகத்தைக் குறைப்போம். ஆய்ந்து பார்த்தபின் தேவைக்கேற்பத் தளர்த்துவோம். ஐயம் தீர்ந்த பிறகும் காஷன் ஆர்டரை நீட்டிக்கொண்டே போவது நிர்வாகமல்ல. பெரும்பாலோருக்கு 7 நாள் மருந்து போதும் என்பதே இன்றைய பொது வழிகாட்டுதல்.

எதற்கும் அடங்காதபோது கொலிஸ்டினைக் கையில் எடுக்கிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று முன்பு ஒதுக்கிவைத்த பழைய மருந்து அது. வேறு வழியின்றித் திரும்பி வந்திருக்கிறது. கோழித் தீவனத்திலும் அதைக் கலந்து வந்ததை நம் அரசு 2019-இல்தான் தடை செய்தது.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. சென்னையின் ஆர்க்கிட் பார்மா ஆய்வகத்தில் பிறந்த என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறு, பழைய டாசோபாக்டத்துடன் ஒரு சிறு மெத்தில் தொகுதியைச் சேர்த்து உருவானது. செஃபிபிம் மருந்துடன் சேர்த்துக் கொடுத்தால், வெட்டும் நொதியை இது தடுத்துவிட, செஃபிபிம் தன் வேலையைச் செய்கிறது. 2024-இல் அமெரிக்காவில் சிறுநீர்த் தொற்றுக்கும், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் மருத்துவமனை நிமோனியாவுக்கும் சேர்த்து அனுமதி கிடைத்தது. ஆனால் என்.டி.எம். நொதியிடம் இது செல்லாது. "புது மருந்து வந்துவிட்டதாமே, அதையே போடுங்கள்" என்று டாக்டரை நெருக்குவது ஆகாது.

நம் பெங்களூரிலும் முயற்சி நடக்கிறது. ஆஸ்ட்ராசெனிகா தன் இவ்வூர் ஆய்வு மையத்தை 2014-இல் மூடுவதாக அறிவித்தபின், அங்கிருந்த விஞ்ஞானிகள் சிலர் சேர்ந்து பக்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிப் புதுவகை மருந்தைத் தேடிவருகிறார்கள். ஒரு மருந்து ஆய்வகத்திலிருந்து நோயாளியின் கைக்கு வரப் பத்தாண்டுக்கு மேலும் ஆகும்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு அது மிகவும் பொருந்தும். சேலத்திலோ திருநெல்வேலியிலோ ஒரு மருத்துவமனையில் ஊசிபோட்டுப் பார்த்துவிட்டு, குணமாகவில்லை என்று அப்பாவையோ அத்தையையோ இங்கே அழைத்து வருகிறோம். கடந்த 90 நாட்களுக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏறியிருந்தால், அடங்காத கிருமி இருக்கும் வாய்ப்பு அதிகம். முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் டாக்டர் இதைத்தான் முதலில் கேட்பார். "ஏதோ வெள்ளை ஊசி போட்டாங்க" என்ற பதில் அவருக்கு உதவாது. டிஸ்சார்ஜ் சீட்டையும், பழைய வளர்ப்புச் சோதனைத் தாளையும், மருந்துப் பெயர்களையும் ஒரு உறையில் போட்டு, கிளம்பும்போதே எடுத்து வாருங்கள். சேர்த்தபின் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைக்கலாமா என்றும், வாயைத் தினமும் யார் சுத்தம் செய்வார்கள் என்றும் நர்ஸம்மாவிடம் கேளுங்கள். பார்க்க வருகிறவர்கள் கட்டிலைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் கை கழுவட்டும்.