மோட்டார் சைக்கிள் ராலியும் ஆற்றுப்படையும்

மோட்டார் சைக்கிள் போட்டி என்றவுடன் நம்மனோர் உள்ளத்தில் எழுவது வேகம் ஒன்றே. முந்தியவன் வென்றான், பிந்தியவன் தோற்றான் என்பதே பொதுவாக யாவரும் கொண்டிருக்கும் கருத்து. ஆயின், விரைந்தவன் தோற்று, அளவறிந்து சென்றவன் வெல்லும் போட்டியொன்றும் உண்டு. காலம், வேகம், தொலைவு ஆகிய மூன்றனையும் கணக்கிட்டு நடைபெறுதலின், அவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களைக் கொண்டு அதனை டி.எஸ்.டி. ராலி என வழங்குவர். அதன் இயல்பினையும், அதனைக் கற்கும் முறையினையும், நம் இலக்கியத்தோடு அதற்குள்ள உறவினையும், தேனியினின்று கம்பம் பள்ளத்தாக்கின் வழியே குமுளிக்குச் செல்லும் சாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

போட்டியின் இயல்பு

இப்போட்டியிற் கலந்துகொள்வோர்க்குச் செல்லும் வழி முன்னரே அறிவிக்கப்படுவதில்லை. புறப்படுவதற்குச் சற்று முன்னர் வழிக்குறிப்பேடு ஒன்று தரப்படும். அதன் ஒவ்வொரு வரியிலும் மூன்று செய்திகள் இருக்கும். புறப்பட்ட இடத்தினின்று எத்தனை கிலோமீட்டர் என்பது ஒன்று. முந்திய குறிப்பினின்று எத்தனை கிலோமீட்டர் என்பது மற்றொன்று. அவ்விடத்திற் சாலை பிரியும் தன்மையைக் காட்டும் சிறு படம் மூன்றாவது. படத்தின் அடியிலுள்ள கரும்புள்ளி நாம் வரும் திசை. அம்பின் தலை நாம் போகும் திசை. நெதர்லாந்து நாட்டில் 1949-ஆம் ஆண்டு தொடங்கிய டூலிப் ராலியின் பெயரால் இதனை டூலிப் படம் என்பர்.

ஒவ்வொரு பகுதியையும் எந்தச் சராசரி வேகத்திற் கடக்கவேண்டும் என்பதும் ஏட்டிற் குறிக்கப்பட்டிருக்கும். நேரம் பதிவோர் வழியில் எங்கே நிற்கின்றனர் என்பது ஓட்டுவோர்க்குத் தெரியாது. காலந்தாழ்ந்து வந்தார்க்குத் தண்டப்புள்ளி உண்டு; முன்கூட்டி வந்தார்க்கும் உண்டு. பல போட்டிகளில் முன்கூட்டி வருதற்கே தண்டம் மிகுதி. இறுதியிற் குறைந்த தண்டப்புள்ளி பெற்றவரே வென்றவராவர். காரிற் செல்வார்க்கு வழி சொல்ல அருகில் ஒருவர் அமர்ந்திருப்பர். மோட்டார் சைக்கிளிற் றனித்துச் செல்வானோ சாலை, ஏடு, கடிகாரம் ஆகிய மூன்றனையும் தானே நோக்கல் வேண்டும்.

தொலைவுக் கணக்கு

முதற்கண் செய்யவேண்டுவது ஓடோமீட்டரை ஏட்டின் அளவோடு ஒப்பிடுதல். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவாதலின், அது அதே தொலைவை மிகுதியான சுற்றுக்களாற் கடக்கும். ஆகவே மீட்டர் உண்மையினும் மிகுத்துக் காட்டும். ஏட்டில் 10 கிலோமீட்டர் எனக் குறித்த தொலைவை நம் மீட்டர் 10.25 எனக் காட்டுவதாகக் கொள்வோம். அங்ஙனமாயின், ஏட்டில் 20 என்றிருக்கும் திருப்பத்தை நம் மீட்டரில் 20.5-இல் எதிர்பார்த்தல் வேண்டும். இத்திருத்தத்தைச் செய்யாதவன், உரிய திருப்பத்திற்கு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் முன்னரே ஏதேனும் ஒரு தோட்டத்துப் பாதையிற் றிரும்பிவிடுவான்.

காலக் கணக்கு

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் எனின், ஒரு கிலோமீட்டருக்கு 100 விநாடி ஆகும். 18 கிலோமீட்டர் கொண்ட ஒரு பகுதியை அவ்வேகத்தில் 30 நிமிடத்திற் கடக்கவேண்டும் என்க. காலை 6 மணிக்குப் புறப்பட்டவன் 6 கிலோமீட்டரை முடிக்கையில் மணி 6.10 ஆதல் வேண்டும். ஆனால், வாழைத்தார் ஏற்றிய லாரியொன்று சாலையை அடைத்தமையால் மணி 6.12 ஆயிற்று. எஞ்சிய 12 கிலோமீட்டருக்கு இனி 18 நிமிடமே உண்டு. வேகத்தை 40-ஆக உயர்த்தினாற் போதும். இழந்த இரண்டு நிமிடமும் இடரின்றி ஈடுபடும்.

அவன் கடிகாரத்தை நோக்காது சென்று, 3 கிலோமீட்டர் எஞ்சியிருக்கும்போதே தாழ்வினை உணர்ந்தானாயின் என் செய்வான்? 3 நிமிடத்தில் 3 கிலோமீட்டர், அஃதாவது மணிக்கு 60 கிலோமீட்டர் செல்லவேண்டி வரும். கடைத்தெருவில் அவ்வேகம் பிறர்க்குக் கேடு. ஆதலின் தண்டப்புள்ளியை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை. பிழையை முன்னர் அறிந்தவனுக்குத் திருத்தம் எளிது. பின்னர் அறிந்தவனுக்கு அரிது. இக்கணக்கு கற்பிக்கும் பாடம் இதுவே.

சாலை பிரியுமிடம்

தேனியினின்று புறப்பட்டால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் என ஊர்கள் நிரலே வரும். அதன்பின் மலைப்பாதை ஏறிக் குமுளியை அடையலாம். நேரான சாலை போலத் தோன்றினும் கிளைகள் பல. சின்னமனூரில் இடப்புறம் பிரிவது மேகமலைக்கு ஏறும் சாலை. அதன் 18 கொண்டையூசி வளைவுகளும் மலர்ப்பெயர் பூண்டவை. கம்பத்தில் வலப்புறம் பிரிவது கம்பம்மெட்டுக்கு ஏறும். இடப்புறம் பிரிவது சுருளி அருவிக்குச் செல்லும். புறவழிச்சாலைகள் வந்தபின் பழஞ்சாலையும் புதுச்சாலையும் பிரியுமிடங்களும் மிகுந்தன.

இத்தகைய இடங்களிற் கொள்ளவேண்டிய விதி ஒன்று: அடுத்தடுத்த இரண்டு குறிப்புகள் சாலையோடு பொருந்தாவாயின், மேலே செல்லற்க, இறுதியாகப் பொருந்திய இடத்திற்கே மீள்க. 'இன்னுஞ் சிறிது சென்று பார்ப்போம்' என்னும் எண்ணமே பலரைத் தோல்வியுறச் செய்வது.

உலகப் புகழ்பெற்ற டாக்கர் ராலியும் வழி தவறியதினின்றே பிறந்தது. தியரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1977-இல் ஒரு போட்டியின்போது லிபியப் பாலைவனத்தில் வழி தவறி அலைந்தார். அப்பாலையின் பெருமை அவர் உள்ளத்தை விட்டகலாமையின், மறு ஆண்டின் இறுதியிற் பாரிசினின்று டாக்கருக்குச் செல்லும் போட்டியைத் தொடங்கினார். அதில் வேகமும் வழியறிவும் ஒருங்கே வேண்டப்படும். 2015-இல் சி. எஸ். சந்தோஷ் அதனை ஓடி முடித்த முதல் இந்தியர் ஆனார். 2024-இல் கேரளத்துச் சொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, ராலி 2 என்னும் வகுப்பில் முதலிடம் பெற்றார். நம் நாட்டில் 1999-இல் தொடங்கிய இமாலயப் போட்டியில், வேகப் பிரிவோடு டி.எஸ்.டி. பிரிவும் வைக்கப்பட்டிருந்தது.

பண்டைத் தமிழரின் வழிக்குறிப்பேடு

இனி, தமிழ் மாணாக்கர் கருதவேண்டுவதொன்று உண்டு. பரிசில் பெற்று மீண்டவன், பெறச் செல்வானுக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டின் இறுதியிலுள்ள மலைபடுகடாம் 583 அடிகளையுடையது. நன்னனிடத்துக் கூத்தரை ஆற்றுப்படுத்துவது. வள்ளலின் புகழை மட்டும் அது கூறி அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறி இன்ன இடத்தில் உண்டு, பொழுது புலர்ந்தபின் செல்க. பாம்பு உறையும் குழிகளை நோக்கி நடக்க. தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு ஒதுங்குக. வழுக்குமிடத்திற் கொடியைப் பற்றுக என்றெல்லாம் இடமும் இடரும் தீர்வும் முறையே உரைக்கின்றது. இக்காலத்து வழிக்குறிப்பேட்டிலும் வரிதோறும் காண்பன இம்மூன்றே. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில், மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று நெறிகளின் நன்மை தீமைகளைக் கோவலனுக்கு விரித்துரைப்பதும் அத்தகையதே. அக்காப்பியத் தலைவியின் கோட்டம் கூடலூருக்கு மேலுள்ள மலைமுகட்டிலேயே இருத்தலும், சித்திரை முழுநிலா நாளில் மக்கள் அங்கு ஏறிச் செல்லுதலும் இப்பள்ளத்தாக்கினர் யாவரும் அறிந்தவை.

மலைபடுகடாம் கூறும் மற்றொரு செய்தி என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. வழிகள் கூடுமிடத்தில், பின் வரும் புதியோர் மயங்காதபடி புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுங்கள் என்று அக்கூத்தர்க்கு அறிவுரை கூறப்படுகின்றது. தான் வழியறிவதோடு அமையாது, பின்வருவான் நலத்தையும் நாடுக என்பது அதன் கருத்து.

யாவர்க்கும் உரிய சாலை

இக்கருத்து இன்று மிகவும் வேண்டப்படுவது. விடியற்காலையில் இப்பள்ளத்தாக்கினின்று கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. திராட்சையும் காய்கறியும் ஏற்றிய வண்டிகள் எதிரே வருகின்றன. அவ்வளைவுகளில் ஒருவரையொருவர் முந்த முயலும் இளைஞன் தன்னுயிரை மட்டும் பணயம் வைக்கின்றான் அல்லன்; குடும்பத்தின் ஒரு நாட் கூலிக்காகச் செல்லும் தாயின் உயிரையும் அவள் அறியாமலே பணயம் வைக்கின்றான். மாநில அரசின் எழுத்துமூலமான இசைவின்றிப் பொதுவிடத்திற் பந்தயம் ஓட்டுதல் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றமுமாகும். விரைவோர்க்கே வெற்றி என்னும் எண்ணத்தைப் பிரசங்கி நூலுடையார் பண்டே மறுத்ததை நாம் ஆலயத்திற் கேட்டிருக்கிறோம். அக்கருத்தினைக் கணக்கினால் மெய்ப்பிப்பது இப்போட்டி.

மோட்டார் சைக்கிள் இல்லாத மாணவரும் இக்கலையைப் பயிலலாம். அடுத்த விடுமுறையிற் றேனியினின்று குமுளிக்குப் பேருந்திற் செல்லுங்கால் ஒரு குறிப்பேட்டினைக் கையிற் கொள்க. கிலோமீட்டர்க் கற்களைப் பார்த்துத் தொலைவு எழுதுக. பிரிவுதோறும் சிறு படம் வரைக. பள்ளிக்கூடம், பாலம், குறுகிய வளைவு, மக்கள் கடக்குமிடம் ஆகியவற்றைக் குறிக்க. பின்னர் அவ்வழி அறியாத நண்பன் ஒருவனிடம் அதனைக் கொடுக்க. அவன் ஒரு பிரிவிலும் மயங்காது சென்று மீள்வானாயின், எழுதியவர் தாமும் ஓர் ஆற்றுப்படை இயற்றினார் என்று மகிழலாம்.