தொழுகையில் நிற்கையில் பூமி அதிர்ந்தால்

ஸியாரத்துக்காகத் துருக்கி செல்லவிருக்கும் சகோதரர் ஒருவர் நம்மிடம் வினவினார்: "வெளியூர் விடுதியில் தொழுது கொண்டிருக்கும்போது பூமி அதிர்ந்தால் தொழுகையை முறிக்கலாமா? அது தவக்குலுக்கு மாறாகாதா?"

முறிக்கலாம். தன்னுயிராயினும் பிறருயிராயினும் அதைக் காக்கத் தொழுகையை விடலாம் என்பதில் ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடில்லை. கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டிற்குள் நுழையாமல் கலீபா உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பியபோது, இறைவிதியை விட்டு ஓடுவதா என்று அவர்களிடமும் கேட்கப்பட்டது. தப்புவதும் அவ்விதிக்குள் அடங்கியதே என்பது அவர்களுடைய விடையின் கருத்து.

சகோதரர் போகும் ஊர்களில் உர்ஃபாவும் ஒன்று. அவ்வூர் உட்படத் தென்கிழக்குத் துருக்கியை 2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17க்கு 7.8 அளவுள்ள நிலநடுக்கம் குலுக்கியது. தஹஜ்ஜுத் நேரம்! கைப்பந்துப் போட்டிக்காக வட சைப்ரஸிலிருந்து வந்து அத்யமான் நகர விடுதியொன்றில் தங்கியிருந்த பள்ளிப் பிள்ளைகள், ஆசிரியர், பெற்றோர் என 35 பேர் இடிபாட்டில் மாண்டனர். அவர்களும் பயணிகளே. விடுதி உரிமையாளருக்கு 2024இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கட்டியவனின் குற்றத்தை விதியின் தலையில் சுமத்துவது முறையன்று.

அறைக்குள் நுழைந்ததும் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்கிறோம் அல்லவா? அப்போதே படிக்கட்டு எங்கே என்றும் பார்த்துக் கொள்ளுங்கள். செருப்பு, டார்ச் விளக்கு, பாஸ்போர்ட் மூன்றும் கட்டிலருகே இருக்கட்டும்.

தொழுகையை முறிப்பதென்றால் ஓடுவது என்று பொருளல்ல. இதில்தான் பலரும் தவறுகின்றனர். அதிரும் வேளையில் ஓடுபவர் கீழே விழுவார், அல்லது அவர்மேல் ஏதேனும் விழும். உறுதியான மேசையின் கீழ்ப் புகுந்து, ஒரு கையால் தலையையும் பிடரியையும் மறைத்து, மறு கையால் மேசைக்காலைப் பற்றிக் கொள்ள வேண்டும். மேசை இல்லையேல் சன்னல், அலமாரி இவற்றை விட்டு விலகிக் குனிந்து தலையைக் காத்துக் கொள்க. படுக்கையிலிருந்தால் அங்கேயே கவிழ்ந்து தலையணையால் தலையை மூடிக் கொள்ளலாம். நாவு கலிமாவைச் சொல்லட்டும். கை தலையைக் காக்கட்டும். அதிர்வு நின்றபின் படிக்கட்டு வழியே இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். கடலோர ஊராயின், நீண்ட அதிர்வு நின்றதும் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குச் செல்ல வேண்டும்.

மறந்த பெட்டிக்காக மீண்டும் உள்ளே போகாதீர்கள். அன்று பகல் 1.24க்கு 7.5 அளவில் மற்றொரு நடுக்கம் வந்தது. சுவர் வெடித்த பள்ளிவாசலுக்குள்ளும் நுழையாமல், ஸுப்ஹை வெளித்திடலிலேயே தொழலாம். தண்ணீர் கிடைக்காவிடில் தயம்மும் உண்டு. முறித்த தொழுகையை விட்ட இடத்திலிருந்தன்று, தக்பீரிலிருந்தே தொடங்க வேண்டும். முறித்தது நபிலாயின், ஹனபி மத்ஹபில் அதைக் களாச் செய்வது வாஜிப், ஷாபிஈயில் கட்டாயமில்லை.