பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ்?

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது அது. அதாவது நம்ம அடையாறுக்குப் பக்கத்துத் தரமணிச் சரக்கு! எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

அண்ணனோ அக்காவோ வாங்கிய அந்த லேப்டாப் பல வீடுகளில் பரண்மேல் தூங்குது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. பழைய மெஷினை விண்டோஸ் 11 ஏற்காது. புதுசு வாங்கக் காசு?

முதலில் ரேமைப் பாருங்கள். 2 ஜிபி என்றால் டெபியனில் எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப். 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட். (2 ஜிபியில் இருபது டேப் திறந்தா எந்த லினக்ஸும் திணறும், சொல்லிட்டேன்!) பிராசசர் 32 பிட்டா என்றும் பார்க்கணும், 2025-ல் வந்த டெபியன் 13-க்கு 32 பிட் பிசி இன்ஸ்டாலர் கிடையாது.

அடுத்தது பாடம். சி, பைத்தான், கைகேட் எல்லாம் லினக்ஸில் நன்றாக ஓடும். ஆட்டோகேடுக்கு லினக்ஸ் பதிப்பே இல்லை. ஆகவே மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் போடுவது நல்லது.

உடனே இன்ஸ்டால் செய்ய வேண்டாம். 8 ஜிபி பென்டிரைவில் 'லைவ்' பதிப்பை எழுதி, அதிலிருந்தே பூட் செய்யுங்கள். ஹார்டுடிஸ்கில் இருப்பது அப்படியே இருக்கும். வைஃபை, சவுண்டு, தமிழ் டைப்பிங் மூன்றும் வேலை செய்தால் இன்ஸ்டால் பண்ணலாம். அதற்கு முன் ப்ராஜெக்ட் ஃபைல்களைக் காப்பி எடுத்துக்கோங்க. 'டிஸ்கை முழுதும் அழி' என்ற ஆப்ஷன் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.