விரலுக்கேத்த வீக்கம்: பிரஷ் கட்டரா, மினி டிராக்டரா?

போன தை மாதம் ஒரு பெரியவர் என் வைத்தியசாலைக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற வழியில், கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் நிலம் வைத்திருக்கிறார்.

"டாக்டர், ராத்திரியானா வலது கை விரல் மரத்துப் போகுது. காலையில பச்சைத் தண்ணி பட்டா விரல் நுனி வெள்ளையாயிடுது. இது வாதம்தானே?" என்றார்.

நாடி பார்த்தேன். சர்க்கரை இல்லை, கழுத்திலும் கோளாறு இல்லை. "நிலத்துல நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று பிரஷ் கட்டர் வாங்கியிருக்கிறார். இரண்டு வருஷமாக மழைக்காலம் முழுவதும் தினம் நாலு மணி நேரம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். இன்ஜினின் அதிர்வு கைப்பிடி வழியாக ஏறி, விரலில் ஓடும் சிறு ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுத்துவிட்டது.

"முதல் மருந்து, மிஷினைக் கீழே வைக்கிறதுதான்" என்றேன். உடனே அவர், "அப்போ மினி டிராக்டரே வாங்கிடலாமா?" என்றார்.

மருந்து எழுதுகிறவன் மிஷினைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். ஓய்வுபெற்ற பிறகு கொஞ்சம் நிலம் வாங்கும் குடும்பங்கள் இன்று பெருகிவிட்டன. எந்த மிஷினை வாங்குகிறோம் என்பது பணப்பையோடு முடிகிற விஷயமில்லை. முதுகு, காது, விரல், சில நேரம் உயிர் வரைக்கும் போகும்.

முதலில் நிலத்தைப் பாருங்கள்

வீட்டைச் சுற்றி 20, 30 சென்ட்தானா? மிஷினே வேண்டாம். கதிர் அரிவாளும் களைக்கொட்டும் போதும். இரண்டு ஆடு கட்டினால் இன்னும் நல்லது. பங்களா புல்தரையில் தள்ளிக்கொண்டு போகிற புல்வெட்டும் மிஷின் நம் ஊர் மேடு பள்ளத்துக்கு உதவாது. நாலு கல் பட்டாலே கத்தி மழுங்கிவிடும்.

அரை ஏக்கரிலிருந்து ஒன்றரை ஏக்கர் வரை, தென்னையோ மாவோ வைத்திருந்தால் பிரஷ் கட்டர் சரி. மல்லாட்டை, நெல் என்று வருஷா வருஷம் உழுது பயிர் செய்கிறவர்களுக்குத்தான் டிராக்டர் யோசனை. அங்கேயும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சிறிய டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டி ஓட்டினால் ஏக்கருக்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். மூன்று ஏக்கர், வருஷத்துக்கு இரண்டு போகம், போகத்துக்கு இரண்டு ஓட்டு என்றாலும் மொத்தம் 30 மணி நேரம்தான். வருஷத்தில் 30 மணி நேர வேலைக்கு லட்சக்கணக்கில் கடனா? வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம். ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தாலோ, அக்கம்பக்கத்து நிலத்துக்கும் ஓட்டப் போவதாக இருந்தாலோ சொந்த வண்டி கட்டுப்படியாகும்.

பிரஷ் கட்டர் வாங்கும்போது

கடையில் விலையைக் கேட்கும் முன் தோளில் மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 7 முதல் 10 கிலோ இருக்கும். ஒற்றைத் தோள் வார் வேண்டாம். இரண்டு தோளிலும் பாரம் இறங்குகிற வார் கேளுங்கள். கையை எடுத்துவிட்டாலும் வெட்டும் தலை தரைக்குச் சற்று மேலே தானாகத் தொங்கி நிற்க வேண்டும். நீங்கள் குனிந்துதான் பிடிக்க வேண்டும் என்றால் அந்த மிஷின் உங்கள் உயரத்துக்கு ஏற்றதல்ல. அன்று ராத்திரியே இடுப்பு சொல்லிவிடும்!

கைப்பிடிக்கும் தண்டுக்கும் இடையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் இருக்கிறதா? ஓடவிட்டு ஐந்து நிமிஷம் பிடித்துப் பாருங்கள். வைத்த பிறகும் கை 'விர்' என்று இருந்தால் வேறு மிஷின் பாருங்கள். ஓட்டும்போது 15 நிமிஷத்துக்கு ஒரு முறை இறக்கி வையுங்கள். நாளைக்கு ஒரு மணி நேரத்தோடு நிறுத்துங்கள்.

அடுத்தது சத்தம். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். பல பிரஷ் கட்டர்கள் இந்த அளவை ஒட்டித்தான் கத்துகின்றன. ஆகவே காது மூடி, முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, பூட்ஸ் மூன்றும் கட்டாயம். கத்தியில் பட்ட கல் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். 50 அடிக்குள் யாரும் நிற்கக் கூடாது, முக்கியமாகக் குழந்தைகள்.

மினி டிராக்டர் வாங்கும்போது

11 குதிரைத் திறனிலிருந்து 25 வரை பல கம்பெனிகள் செய்கின்றன. மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் பரிசோதனை நிலையம் இருக்கிறது. வாங்கப்போகும் வண்டியின் பரிசோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். மானியம் வேண்டுமென்றால் பணம் கட்டும் முன்பே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். சிறு, குறு, பெண் விவசாயிகளுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

சின்ன வண்டிதானே என்று அலட்சியம் வேண்டாம். சக்கர அகலம் குறைவு என்பதால் வரப்பு ஏறும்போது சுலபமாகச் சாயும். இருக்கைக்குப் பின்னால் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டமும் இடுப்பு பெல்ட்டும் உள்ளதாக வாங்குங்கள். ஸ்வீடன் நாட்டில் 1959-லேயே புது டிராக்டர்களுக்கு இந்தச் சட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். கவிழ்ந்து இறப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு எமன், சுவர் இல்லாத கிணறு. என் நிலத்தில் கிணற்று ஓரத்திலிருந்து 20 அடி தள்ளி வரிசையாகக் கல் நட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கல்லைத் தாண்டி வண்டி போகாது. பேரப் பிள்ளை ஆசைப்படுகிறான் என்று மட்கார்டில் உட்கார வைக்காதீர்கள். டிராக்டரில் ஓட்டுகிறவரைத் தவிர வேறு ஆளுக்கு இடம் கிடையாது.

பின்னால் சுழலும் தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுற்றும். வேட்டி, துண்டு, புடவை முந்தானை சிக்கினால் கண் இமைக்கிற நேரம்கூட கிடைக்காது. அதற்கு மூடி இருக்க வேண்டும். ரோட்டவேட்டரில் சிக்கிய கொடியை எடுக்கும் முன் இன்ஜினை நிறுத்துங்கள்.

வெட்டும் முன்...

பார்த்தீனியத்தைப் பிரஷ் கட்டரால் அடித்தால் அதன் சாறும் தூளும் உடம்பெல்லாம் தெறிக்கும். அதனால் வரும் தோல் அரிப்பு லேசில் விடாது. பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள்.

புதரில் வேலை செய்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, இடுப்பிலோ அக்குளிலோ சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு தெரிந்தால் அது ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். ஒருவகைச் சிற்றுண்ணி கடித்து வருவது. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: கஷாயம் குடித்துக் காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பு கடித்தாலும் அப்படியே. கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கடைசியாக என் சொந்தத் தவறு ஒன்று. ஒரு கார்த்திகையில் ஆளை விட்டு வரப்பெல்லாம் சுத்தமாக வெட்டச் சொன்னேன். சாயந்திரம் போய்ப் பார்த்தால் கீழாநெல்லி, கரிசாலை, மூக்கிரட்டை எல்லாம் போய்விட்டது! மழைக்குத் தானாக முளைத்து, நான் மருந்துக்குப் பறிக்கிற மூலிகைகள். அந்த மாதம் காசு கொடுத்து வாங்கினேன். இப்போது வரப்பு ஓரம் நாலடி விட்டுத்தான் வெட்டுகிறேன். மற்ற இடத்திலும் மூன்று அங்குலம் விட்டே வெட்டச் சொல்கிறேன். மண் காயாது, கல்லும் தெறிக்காது.

அந்த ஆசிரியர் என்ன செய்தார்? டிராக்டர் வாங்கவில்லை. உழவுக்கு வாடகை வண்டி. பிரஷ் கட்டர் இப்போது அவர் தோளில் ஏறுவதே இல்லை. மாதம் ஒருமுறை கூலிக்கு வரும் பையன், காது மூடி போட்டுக்கொண்டு, விட்டு விட்டு ஓட்டுகிறான். இவருக்கு வெந்நீர் ஒத்தடம், இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் தேய்ப்பு, உள்ளுக்கு மருந்து. ஆறு மாதத்தில் மரப்பு பாதி குறைந்திருக்கிறது. விரல் வெளுப்பு மட்டும் குளிர் நாளில் இன்னும் எட்டிப் பார்க்கிறது. முழுதாகப் போகும் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

உங்களில் யாருக்காவது மிஷினை வைத்த பிறகும் விரல் மரப்பு ஒரு வாரத்துக்கு மேல் நின்றால், தைலம் தேடும் முன் வைத்தியரிடம் வாருங்கள். வரும்போது என்ன மிஷின், தினம் எத்தனை மணி நேரம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.