தோட்டத்துப் பாழ்வீடுகள்

கேள்வி: இலங்கையின் மலையகத்தில் கைவிடப்பட்ட பழைய கல் வீடுகளை நடந்துபோய்ப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டர் நீளும் பீக்கோ நடைபாதை, லூல்கந்துர தோட்டத்தைத் தொட்டுச் செல்கிறது. 1867இல் தேயிலை முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் அது. அவருடைய குடிலில் மிஞ்சியிருப்பது புகைபோக்கி. குன்றின்மேல் ஒரு கல் இருக்கை.

ஆனால் நெஞ்சை அழுத்துபவை லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளே. ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா (அறை), முன்னால் சிறிய இஸ்தோப்பு (திண்ணை). கூரைத் தகரம் போன பின்னும் அடுப்பிருந்த மூலையில் கல் சுவர் கரி பிடித்து நிற்கும். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. பெட்டியோடு புறப்பட்ட குடும்பங்கள் விட்டுச்சென்ற காம்பராக்கள் ஏராளம். மண்சரிவு அபாயத்தால் காலியானவையும் உண்டு.

மழைக்காலத்தில் அட்டைக்கடி நிச்சயம். காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வது உதவும். பாழடைந்ததாகத் தோன்றும் லயங்கள் பலவற்றில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். வாசலில் நின்று கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.