சென்னை முதல் புதுச்சேரி வரை: நண்பர்களோடு நற்பணிக்காக ஒரு சைக்கிள் பயணம் – முழுமையான வழிகாட்டி

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சைக்கிளில் நெடுந்தூரம் போக வேண்டும், அதை வைத்து ஒரு நல்ல காரியத்துக்கு நிதியும் திரட்ட வேண்டும். இந்த ஆசை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியைச் சேர்ந்தே செய்வோம். தினமும் அலுவலகத்துக்குப் பேருந்தில் போகிறவர்களும் பத்து வாரப் பயிற்சியில் இந்தத் தூரத்தை முடிக்கலாம்.

எந்தப் பாதை, எந்த மாதம்?

முதல் பயணத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையைத்தான் (ஈசிஆர்) சொல்வேன். திருவான்மியூரில் தொடங்கி முட்டுக்காடு, மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம், மரக்காணம், காலாப்பட்டு வழியாகப் புதுச்சேரி கடற்கரை வரை ஏறத்தாழ 140 கி.மீ. வழியில் மலையேற்றம் கிடையாது. பாலங்களின் ஏற்றத்தைத் தவிர மூச்சு வாங்க வைக்கும் இடம் எதுவும் இல்லை.

ஆனால் காற்று இருக்கிறது. ஜனவரி முதல் பிப்ரவரி தொடக்கம் வரை வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தென்கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே மிதிக்க வேண்டும். அதே சாலை, அதே சைக்கிள், இரண்டு மணி நேரம் கூடுதலாகும். ஆகவே பொங்கலுக்குப் பிந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு, நவம்பரில் பயிற்சியைத் தொடங்குவோம்.

யாருக்காக? நிதியை எப்படித் திரட்டுவது?

சைக்கிள் வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற பெரிய நிறுவனமாகவும் இருக்கலாம். நம் ஊர் அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தரும் சிறிய அறக்கட்டளையாகவும் இருக்கலாம். நேரில் போய்ப் பேசுங்கள். பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்கு இரண்டையும் கேளுங்கள். பணம் எந்த வேலைக்குப் போகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நாளை நன்கொடையாளர்கள் நம்மிடம் இதைத்தான் கேட்பார்கள்.

பணம் நேராக அந்த நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும், நம் ஜிபே எண்ணுக்கு வேண்டாம். நட்பு கெடாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. 80ஜி வரிச்சலுகை கேட்பவர்களிடம் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் தோழர்களும் உதவ முன்வருவார்கள். அவர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனம் மட்டுமே அந்தப் பணத்தை வாங்க முடியும்.

"கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்" என்று கேட்டுப் பாருங்கள். 140 கி.மீ.க்கு 1,400 ரூபாய். ஒருவர் 25 பேரைச் சேர்த்தால் 35,000. ஐந்து நண்பர்கள் சேர்ந்தால் 1,75,000 ரூபாய். தருவதாகச் சொன்னவர்களிடம் பயணத்துக்கு முன்பே நினைவூட்டி அனுப்பச் சொல்லுங்கள். பயணம் முடிந்த பிறகு எல்லோருக்கும் ஆர்வம் வடிந்துவிடும்.

எந்த சைக்கிள்?

ஹைப்ரிட் வகை போதும். கியர் இருக்கட்டும், டயர் ஒல்லியாக இருக்கட்டும். தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள் (எம்டிபி) பார்க்க கம்பீரமாக இருந்தாலும் நூறு கி.மீ. தாண்டியதும் காலைச் சோதிக்கும். சீட்டின் உயரத்தைச் சரிபார்க்க எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முழங்கால் வலி என்று வருகிறவர்களில் பலருக்கு சீட் தாழ்வாகத்தான் இருக்கும்.

வால்வு என்ன வகை என்று பாருங்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் வழியோரப் பஞ்சர் கடைப் பம்பு பொருந்தாது. அதற்கான சிறு அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வோம். ஹெல்மெட், முன் பின் விளக்குகள் கட்டாயம். பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசரும் அவசியம்தான். அதற்கு உள்ளே ஜட்டி அணியக் கூடாது, தையல் உராய்ந்து புண்ணாகும். தொடை இடுக்கில் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஆகும்?

புதிய ஹைப்ரிட் சைக்கிள் 18,000 முதல் 30,000 ரூபாய் வரை. ஆர்வம் நிலைக்குமா என்று தெரியாதவர்கள் வாடகைக்கோ, தெரிந்தவரிடம் இரவலாகவோ எடுக்கலாம். மற்றவை ஒரு ஆளுக்குத் தோராயமாக: ஹெல்மெட் 1,500, விளக்குகள் 1,000, டிரவுசர் 1,200, மாற்று டியூப், கைப்பம்பு, டயர் லிவர், ஒட்டுச் சாமான்கள் 1,200, சர்வீஸ் 800.

பொதுச் செலவில் பெரியது வாகனம். கூடவே வந்து, திரும்பும்போது சைக்கிள்களை ஏற்றிவர ஒரு குட்டி யானைக்கு (சிறு சரக்கு வண்டி) 8,000 வரை ஆகலாம், ஐந்தாகப் பிரித்தால் 1,600. சாப்பாடு 700, இரவு தங்க 1,200. ஆக, சைக்கிள் நீங்கலாகத் தலைக்கு 9,200 ரூபாய் எடுத்து வைப்போம்.

இந்தச் செலவில் ஒரு ரூபாயைக்கூட நன்கொடையிலிருந்து எடுக்கக் கூடாது. டீ-ஷர்ட், பேனர், அறை வாடகை எல்லாம் நம் கைப்பணம்தான்.

பயிற்சி: பத்து வாரங்கள்

வாரத்தின் வேலை நாட்களில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். ஞாயிறு நீண்ட பயணம். முதல் ஞாயிறு 20 கி.மீ., பிறகு வாரம் பத்துப் பத்தாகக் கூட்டி எட்டாவது வாரம் 90-ஐத் தொடுவோம். ஒன்பதாவது வாரம் 100. கடைசி வாரம் குறைத்து உடலுக்கு ஓய்வு. நூறு ஓட்டியவரால் அன்றைய உற்சாகத்தில் 140 ஓட்ட முடியும். முழுத் தூரத்தையும் ஒத்திகை பார்க்க வேண்டியதில்லை.

ஞாயிறு பயிற்சியை எல்லோரும் சேர்ந்தே ஓட்டுங்கள். யார் எந்த இடத்தில் களைப்பார், யார் களைப்பை வெளியில் சொல்லாமல் மறைப்பார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். பஞ்சர் ஒட்டுவதையும் வீட்டிலேயே இரண்டு முறை செய்து பாருங்கள்.

நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அந்த நாள்: எப்படி முடிப்பது?

காலை 4.30-க்குக் கிளம்புவோம். முதல் ஒரு மணி நேரம் எல்லோருக்கும் கால் பறக்கும். அங்கேதான் பிரேக் பிடிக்க வேண்டும். குழுவில் யார் மெதுவோ, அவருடைய வேகம்தான் குழுவின் வேகம். அவரை முன்னால் விடுங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர், பம்பும் டூல்ஸும் வைத்துக்கொண்டு கடைசியில் வரட்டும். இதை ஸ்வீப் என்பார்கள். குழுவிலேயே முக்கியமான ஆள் அவர்தான். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை என்றால் யாரும் தொலையவில்லை என்று பொருள்.

மணிக்கு 18 முதல் 20 கி.மீ. போதும். ஏழு மணிவாக்கில் மாமல்லபுரம். அங்கே நாலு இட்லி, ஒரு காபி, அரை மணி நேரம். கல்பாக்கம் தாண்டி வாயலூரில் பாலாற்றுப் பாலம். அதன்பின் கடப்பாக்கம் வரை நிழல் குறைவு, ஊர்களுக்கு இடையே தூரமும் அதிகம். மனம் சோர்வது இங்கேதான். எவ்வளவு மீதி என்று பார்க்காமல் அடுத்த பத்து கி.மீ.யை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போவோம். பத்து மணிக்குக் கடப்பாக்கத்தில் இளநீர். மரக்காணத்தில் உப்பளங்கள் கண்ணில் பட்டால் மீதி 35 கி.மீ. மதியம் இரண்டுக்குள் காந்தி சிலை அருகே இறங்கிவிடலாம்.

கடைசி ஒரு கி.மீ.க்கு முன் நின்று, எல்லோரும் சேர்ந்த பிறகு ஒன்றாக நுழையுங்கள்.

சாப்பாடு, தண்ணீர்

பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ வாயில் போடுங்கள். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் ஓஆர்எஸ் அல்லது உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு கலந்து குடிக்க வேண்டும். வியர்வையில் போன உப்பு திரும்பாவிட்டால் தலை சுற்றும், வாந்தி வரும். வழியில் பிரியாணி வேண்டாம், புதுச்சேரியில் சாப்பிடுவோம்.

எச்சரிக்கை

ஞாயிறு காலை ஈசிஆரில் கார்களும் பைக்குகளும் மிக வேகமாக வரும். வரிசையாக ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட வேண்டாம். குழி வந்தால் முன்னால் போகிறவர் கையால் காட்டிக் குரல் கொடுக்கட்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலை விரிவாக்கப் பணி நடந்துகொண்டிருந்தால் அங்கே ஜல்லியும் மணலும் கிடக்கும், வேகத்தைக் குறையுங்கள். காதில் இயர்போன் கூடாது. வாகனம் குழுவுக்குப் பின்னால் ஊர்ந்து வராமல், பத்துப் பதினைந்து கி.மீ. முன்னே போய்க் காத்திருக்கட்டும்.

யாருக்காவது உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் உடனே வண்டியில் ஏற்றிவிடுங்கள். கட்டாயப்படுத்தி ஓட்ட வைக்காதீர்கள். அவர் திரட்டிய நிதி அப்படியே போய்ச் சேரும். நன்கொடையாளர் யாரும் அதைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை. நிலைமை மோசம் என்றால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் நன்றி, ரசீது, மொத்தம் சேர்ந்த தொகை, அது போய்ச் சேர்ந்த தேதி ஆகியவற்றை அனுப்புவோம். மூன்று மாதம் கழித்து, அந்தப் பணத்தில் நடந்த வேலையின் படம் ஒன்றையும் அனுப்புங்கள். அடுத்த ஆண்டு கேட்காமலேயே கொடுப்பார்கள்.

நாலு பேருக்கு இன்றே ஃபோன் செய்யுங்கள். நவம்பரின் முதல் ஞாயிறு காலை ஐந்தரைக்கு, 20 கி.மீ.