பிரிக்ஃபீல்ட்ஸ் மாடியிலிருந்து வியாழன்

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். 8 அங்குலத் தொலைநோக்கியும் சிறு கேமராவும் உண்டு. இந்த விளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரங்களே சரியாகத் தெரிவதில்லை. என் படங்களால் அறிவியலுக்கு ஏதாவது பயன் உண்டா, ஐயா?

பதில்: உண்டு, தம்பி. நெபுலாக்களைத் தேடி அலையாமல் வியாழனைப் பிடியுங்கள். நகர வெளிச்சம் மங்கலானவற்றைத்தான் விழுங்கும். வியாழனை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கோலாலம்பூர் 3 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், எந்த ஆண்டானாலும் வியாழன் நமக்கு 60 பாகைக்கு மேலே ஏறிவிடும். லண்டனில் சில ஆண்டுகளில் அது 15 பாகையைத் தாண்டுவதே பெரும்பாடு.

பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் இருக்கும் கிறிஸ்டோபர் கோவும் உங்களைப் போல் அமெச்சூர்தான். வியாழனில் வெள்ளையாக இருந்த ஒரு பெரும் புயல் சிவந்துவிட்டதை 2006 பிப்ரவரியில் கண்டுபிடித்தவர் அவர்தான். பிறகுதான் ஹபிள் அதன் பக்கம் திரும்பியது. 2010 ஜூன் 3 அன்று வியாழனில் விண்பொருள் ஒன்று மோதி ஒரு பொறி பளிச்சிட்டதைப் பதிவு செய்ததாக ஆஸ்திரேலியாவின் ஆந்தனி வெஸ்லி அறிவித்தார். இருந்தது சுமார் 2 விநாடி. கோ தம் வீடியோவைப் போட்டுப் பார்த்தார்; அதிலும் அதே பொறி! கேமராக் கோளாறு என்று யாரும் தள்ளிவிட முடியாமல் செய்தது அந்த இரண்டாவது பதிவுதான். ஒரு நாள் அது உங்களுடையதாகவும் இருக்கலாம்.

மாலை மழை ஓய்ந்து, சிமெண்டுத் தளத்தின் சூடு தணிந்தபின் தொடங்குங்கள். தண்ணீருக்கடியில் கிடக்கும் காசுபோல வியாழன் திரையில் நெளியும். சட்டென்று ஒரு கணம் நிலைத்து, பட்டைகள் கூராகத் தெரியும். அந்தக் கணங்களைப் பிடிக்கத்தான் 2 நிமிட வீடியோவில் ஆயிரக்கணக்கான ஃபிரேம்கள் எடுக்கிறோம். நல்லவற்றைப் பொறுக்கி அடுக்க ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருள் இருக்கிறது. வீடியோவை நீட்ட வேண்டாம். 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிக்கும் கோள் அது, படம் கலங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நேரம். ஒரு முறை என் கணினிக் கடிகாரம் 4 நிமிடம் பிந்தியிருந்தது. அதற்குள் வியாழன் 2 பாகைக்கு மேல் சுழன்றிருக்கும். அன்றைய படங்களை அளவீட்டுக்கு எடுக்க முடியவில்லை. கடிகாரத்தை இணையத்தோடு சரிபார்த்து, நம் நேரத்தில் 8 மணியைக் கழித்து உலக நேரத்தில் குறியுங்கள். அழகுக்காக வண்ணத்தைக் கூட்டாதீர்கள். படங்களை, கோள்களின் படங்களைச் சேகரிக்கும் ஜப்பானின் அல்போ தொகுப்புக்கு அனுப்பலாம், உலகெங்கிலுமிருந்தும் பெற்றுக்கொள்கிறார்கள்.

வீடியோக்களை உடனே அழித்துவிட வேண்டாம். மார்க் டெல்க்ருவா உருவாக்கிய டிடெக்ட் மென்பொருளில் ஓடவிட்டு, பொறி ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்தபின் அழியுங்கள்.